இல்லாத பிரேக்கும் ஈர இலைகளும்

பதிவு போட்டு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. "ஆபீஸ்ல ஆணி அதிகம்"னு வழக்கமான பொய்யைச் சொல்லிடலாம்தான். ஆனா உண்மை வேற. 2025 மே மாசத்துல இருந்து என்னோட சனி ஞாயிறு எல்லாம் ஒரு ஹோண்டா காரோட வலது பக்க சீட்டுலயே போச்சு. ஸ்டியரிங் இருக்கிறது இடது பக்கம். அதைப் பிடிச்சிருந்தது என் மருமவன், வயசு 16. என் பக்கம் இருந்தது ஒரு சீட் பெல்ட்டும், ஒரு கால்மிதியும், குலதெய்வமும் மட்டும்தான்.

நம்ம ஊரு டிரைவிங் ஸ்கூல் கார்ல வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இங்க வீட்டுக் கார்ல அதெல்லாம் கிடையாது. ஆனா இந்த விஷயம் என் வலது காலுக்கு மட்டும் கடைசி வரைக்கும் புரியவே இல்லை. மிதிச்சு மிதிச்சு கால்மிதியில ஒரு பள்ளமே விழுந்துருச்சு. :-)

சரி, கதைக்கு வருவோம்.

நான் இருக்கிறது அமெரிக்காவுல பிட்ஸ்பர்க். 2019ல எம்.எஸ். படிக்க வந்தேன், முடிச்சிட்டு இங்கயே பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். எங்க பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, பக்கத்துல மன்றோவில்ல இருக்கா. அவ இங்க வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. திருநெல்வேலி மட்டும் அவளை விட்டுப் போகல. மே மாசம் ஒருநாள் போன் பண்ணினா.

"ஏல, சனிக்கெழம நீ சும்மாத்தான இருக்க?"

இந்தக் கேள்விக்கு ஆமான்னு சொன்னவன் உருப்பட்டதா சரித்திரம் இல்லை. நான் ஆமான்னு சொன்னேன்.

மருமவனுக்கு லேர்னர்ஸ் பெர்மிட் வந்துருச்சு. மொத நாள் அத்தான் கூட்டிட்டுப் போயிருக்கார். பதினஞ்சே நிமிஷத்துல ரெண்டு பேரும் திரும்பி வந்துட்டாங்க. ஓட்டிட்டு வந்தது அத்தான். பையன் பின்சீட்டுல உக்காந்து ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தானாம். ரெண்டு நாள் வீட்டுல பேச்சுவார்த்தையே இல்லை. "நீன்னா கேப்பாம்ல, நீயும் சின்னவன்தான"ன்னு அக்கா சொன்னா. எனக்கு 28 வயசு. சின்னவன்னு சொல்ல இந்த உலகத்துல மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான், அதனாலயே ஒத்துக்கிட்டேன்.

இங்க பென்சில்வேனியாவுல சட்டம் கொஞ்சம் கறார். 16 வயசுல பெர்மிட் கிடைக்கும். அதுக்கப்புறம் ஆறு மாசம், பக்கத்துல லைசென்ஸ் உள்ள பெரியவங்க ஒருத்தர் உக்காந்திருக்க, 65 மணி நேரம் ஓட்டிப் பழகணும். அதுல 10 மணி நேரம் ராத்திரி. 5 மணி நேரம் மோசமான வானிலையில. அதாவது மழை, பனி, மூடுபனி இப்படி. எல்லாம் முடிச்சாச்சுன்னு அப்பாவோ அம்மாவோ ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் டெஸ்ட்.

முன்னாடி இது 50 மணி நேரமா இருந்துச்சு. 2007ல ஸ்கூல் விழா முடிஞ்சு நண்பர்களோட கார்ல திரும்பி வந்த 18 வயசுப் பொண்ணு ஒருத்தி விபத்துல இறந்துட்டா. அதுக்கப்புறம் 2011ல வந்த சட்டம்தான் இதை 65 ஆக்கினது. அந்தப் பொண்ணு பேரையே வச்சு 'லேசி சட்டம்'னு சொல்வாங்க. இதையெல்லாம் மொத நாளே மருமவன்கிட்ட வாத்தியார் மாதிரி சொன்னேன். "ஓகே மாமா"ன்னான். அவ்ளோதான். பதினாறு வயசுல ஓகேக்கு அர்த்தம் 'போதும்'னு எனக்கு அப்பத் தெரியல.

கோடைக்காலம் ஜாலியா போச்சு. மொதல்ல ஞாயித்துக்கிழமை காலையில காலியா கிடக்கிற பார்க்கிங். அப்புறம் தெரு. அப்புறம் பென் ஹில்ஸ் பெருமாள் கோவில் மலைப் பாதை. (எங்க புளியோதரை பத்தித் தனிப்பதிவே போடலாம்.) ஆகஸ்ட்ல ஹைவே, ஸ்குவிரல் ஹில் குகைப்பாதை எல்லாம் பாத்தாச்சு. பையன் கெட்டிக்காரன், கை நிதானம். செப்டம்பர்ல ஒருநாள், "மாமா, ஐ திங்க் எனக்கு வந்துருச்சு"ன்னான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. மழை வந்த நாள்ல எல்லாம் கிளாஸுக்கு லீவு விட்டுட்டோம். "மழையா இருக்குல்ல, இன்னிக்கு வேணாம்டா." "ஓகே மாமா." இந்த ஓகே மட்டும் சந்தோஷமா வரும்.

அக்டோபர் வந்துச்சு.

அமெரிக்க இலையுதிர்காலம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மரத்தடியில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ. நானும் மொத வருஷம் அப்படி அம்பது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினவன்தான். மரத்துல இருக்கிற வரைக்கும் இலை அழகு. ரோட்டுக்கு வந்து ஒரு மழையில நனைஞ்சா அது வாழைப்பழத் தோல். இலைக்கடியில ரோட்டுக் கோடும் தெரியாது, குழியும் தெரியாது. சாக்கடை வாயை இலை அடைச்சுக்கிட்டா வளைவுல தண்ணி தேங்கி நிக்கும். அதுலயும் பிட்ஸ்பர்க் முழுக்க மேடு பள்ளம். பீச்வியூங்கிற ஏரியாவுல கேன்டன் அவென்யூன்னு ஒரு தெரு இருக்கு. சரிவு 37 சதவீதம்னு சொல்வாங்க. அங்க மட்டும் நான் கூட்டிட்டுப் போகல. எனக்கும் அப்பா அம்மா இருக்காங்க.

"இது வெறும் இலைதான மாமா?"ன்னான் மருமவன்.

சரி, நம்ம இன்ஜினியரிங் மூளையைக் காட்டுவோம்னு ஆரம்பிச்சேன். மொத வருஷத்துல இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்னு ஒரு பேப்பர் பலபேரைப் பலிவாங்கிச்சே, ஞாபகம் இருக்கா? அதுல உருப்படியா எனக்கு மிஞ்சினது ஒரே கணக்கு. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும். உராய்வு பாதியா குறைஞ்சா அதே தூரம் ரெண்டு மடங்காகும். அப்ப காஞ்ச ரோட்டுல 15 மைல்ல போறவனைவிட, ஈர ரோட்டுல உராய்வு பாதியா இருக்கும்போது 30ல போறவனுக்கு எட்டு மடங்கு தூரம் வேணும். மருமவன் மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துட்டு, "எட்டு கரெக்ட்"னான். கணக்குல நூத்துக்கு நூறு. ஆனா முகத்துல ஒரு பயமும் இல்லை.

கணக்கு வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் வேற வழிக்குப் போனேன். ஒரு மழை விட்ட ஞாயிறு காலை, ஆளே இல்லாத ஒரு பெரிய பார்க்கிங். ஓரத்துல ஈர இலை பாய் விரிச்ச மாதிரி கிடந்துச்சு. "இருபது மைல்ல வா. நான் சொன்னதும் பிரேக்கை முழுசா மிதி. என்ன சத்தம் வந்தாலும் காலை எடுக்காத."

மொத தடவை மிதிச்சான். ஏபிஎஸ் வேலை செஞ்சு பெடல் காலுக்கடியில கடகடகடன்னு உதைச்சுது. பயந்து காலை எடுத்துட்டான். கார் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவைதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சபடியே நின்னான். கார் நின்ன இடத்தைப் பாத்தான். காஞ்ச இடத்துல நின்ன இடத்தையும் பாத்தான். இறங்கி, ரெண்டுக்கும் நடுவுல காலால அளந்துட்டு வந்தான். வந்து உக்காந்ததும் ஒண்ணும் பேசல. இந்தத் தடவை ஓகே கூட சொல்லல. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

அதுக்கப்புறம் பாடம் வேகமா நடந்துச்சு. சாயங்கால வெயில் கண்ணுக்கு நேரா, தாழ்வா வந்து அடிக்கும். மேற்கே பாத்துப் போகும்போது முன்னாடி போற வண்டியோட பிரேக் லைட்டே தெரியாது. கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைச்சா பத்தாது, உள்பக்கம் படிஞ்ச புகைமாதிரி அழுக்குதான் வெயில்ல பளபளன்னு மறைக்கும். ஒரு சென்ட் காசை லிங்கன் தலைகீழா இருக்கிற மாதிரி டயர் பள்ளத்துல வச்சுப் பாக்கணும், லிங்கனோட தலை முழுசா தெரிஞ்சா டயர் காலி. குளிர் கூடக் கூட டயர்ல காத்தழுத்தம் குறையும், பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சுமாரா ஒரு பிஎஸ்ஐ. வைப்பர் ஓடினா ஹெட்லைட்டும் எரியணும், இது 2007ல இருந்து இங்க சட்டம். பகல்ல தானா எரியிற சின்ன லைட்டை நம்பக்கூடாது, அது எரியும்போது நிறைய கார்ல பின்லைட் எரியாது. மூடுபனியில ஹை பீம் போட்டா நம்ம வெளிச்சம் நம்ம கண்ணுலயே வந்து அடிக்கும். காஞ்ச இலைக் குவியல் மேல காரை நிறுத்தினா சூடான எக்ஸாஸ்ட்ல தீப்பிடிக்கலாம். தெருவோரம் இருக்கிற இலைக் குவியல் மேல ஏத்தவே கூடாது, உள்ள குழந்தைங்க ஒளிஞ்சு விளையாடும்.

மானைப் பத்தி ரெண்டு சனிக்கிழமை பேசினோம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மானுக்கு இனச்சேர்க்கை காலம். நவம்பர் நடுவுல உச்சம். விடியக்காலையும் பொழுது சாயிற நேரமும் எதைப் பத்தியும் கவலைப்படாம ரோட்டுக்கு வரும். மான் வந்தா ஸ்டியரிங்கை ஒடிக்காம, நேரா பிரேக் பிடிக்கணும். "மான் மேல மோதினா?"ன்னான். மான் மேல மோதினா அடி படும், ஆனா மானுக்குப் பயந்து ஒடிச்சு மரத்துலயோ எதிர்ல வர்ற லாரியிலயோ மோதினா ஆளே இருக்க மாட்டோம்னேன். இன்சூரன்ஸ் கணக்கும் அப்படித்தான். மான்ல மோதினா காம்ப்ரிஹென்சிவ், மரத்துல மோதினா கொலிஷன். இதைக் கேட்டு அத்தான்தான் அதிகமா சந்தோஷப்பட்டார்.

நவம்பர் 2ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சாச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு மறைஞ்ச சூரியன், அன்னிக்கு அஞ்சேகாலுக்கே போயிருச்சு. பையன் ஸ்கூல்ல ரோபாடிக்ஸ் முடிச்சு வெளிய வர்ற நேரம் ஒரே நாள்ல ராத்திரி ஆயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அக்கா வீட்டுல சாப்பாடு. டெஸ்ட் நவம்பர் 18. மருமவன் எக்ஸெல்ல எழுதி வச்சிருந்த கணக்கைத் திறந்தான். மொத்தம் 65ல 58. ராத்திரி 10ல 8. இதுக்கெல்லாம் ரெண்டு வாரம் போதும். மோசமான வானிலை 5ல... ஒண்ணேகால்.

வானிலை அறிக்கையைப் பாத்தா அடுத்த பத்து நாளைக்கு நல்ல வெயில். மழையை யாரு காலண்டர்ல புக் பண்றது?

"இதுக்கு என்ன யோசனை?"ன்னார் அத்தான். "மூணே முக்கால் மணி நேரம்தான? ஜூன்ல ரெண்டு, ஆகஸ்ட்ல ரெண்டுன்னு எழுதிட்டாப் போச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைம்ஷீட் எப்படி நிரப்புறோம்?"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல. யாரும் அந்தக் கணக்கை வாங்கிப் பாக்கப் போறதில்லை, அக்கா கையெழுத்து மட்டும் போதும். பையன் ஏற்கனவே ஜூன் மாச வரிசையில போய் நின்னு, "மாமா, ஜூன் 14 மழை பெஞ்சுதா?"ன்னு கேட்டான்.

ஜூன் 14ஆ என்னவோ, அன்னிக்கு மழையாங்கிறதும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா நான் "வேணாம்டா, மழையா இருக்கு"ன்னு சொன்ன எல்லா நாளும் ஒண்ணு மேல ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. நல்ல நாளாப் பாத்துப் பாத்துக் கத்துக்குடுத்துட்டு, கெட்ட நாளுக்கு இவனைத் தனியா அனுப்பப் போறோம். அதுக்கு ஒரு கையெழுத்து வேற.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். மன்னிச்சுக்குங்க.

நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது கார் லைசென்ஸ் எடுத்தேன். ஊர் பேர் வேணாம். டிரைவிங் ஸ்கூல்ல பத்து நாள், ஒரு மாருதி 800ல. டெஸ்ட் அன்னிக்கு ஸ்கூல் அண்ணன் எல்லாம் பேசி வச்சிட்டார். நான் அம்பது மீட்டர் நேரா ஓட்டினேன். கிளட்ச், பிரேக் ரெண்டுலயும் அண்ணன் கால் இருந்துச்சு. நான் பிடிச்சிருந்தது ஸ்டியரிங் மட்டும். லைசென்ஸ் வந்துச்சு. வீட்டுல பாயசம் வச்சாங்க. கார் ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சது எனக்கும் அந்த அண்ணனுக்கும் மட்டும்தான்.

இங்க வந்து 2021 ஜூலையில பென்சில்வேனியா டெஸ்ட்டும் பாஸ் பண்ணினேன். நல்ல வெயில், காஞ்ச ரோடு. ஒரு பழைய கொரோலா வாங்கினேன். டயர் தேய்ஞ்சிருக்குன்னு பாத்தவன் சொன்னான், அடுத்த சம்பளத்துல மாத்திக்கலாம்னு விட்டேன்.

அந்த வருஷம் நவம்பர். கிரீன்ஃபீல்ட் பக்கம் ஒரு இறக்கமான தெரு. காலையில மழை பெஞ்சு விட்டிருந்துச்சு, ரோடு முழுக்க இலை. இறக்கத்தோட முடிவுல ஸ்டாப் போர்டு. ஒரு வயசானவர் நாயோட ரோட்டைக் கடந்துக்கிட்டு இருந்தார். பிரேக்கை மிதிச்சேன். காலுக்கடியில கடகடகடன்னு ஒரு உதை. ஏபிஎஸ்னு ஒண்ணு இருக்குன்னு படிச்சிருக்கேன், அது எப்படி இருக்கும்னு காலுக்குத் தெரியாது. பிரேக் உடைஞ்சிருச்சுன்னு நெனச்சு காலை எடுத்துட்டேன். கார் நிக்கல. ஸ்டாப் போர்டைத் தாண்டி, ரோட்டைக் குறுக்கால கடந்து, எதிர்ப்பக்க பிளாட்பாரக் கல்லுல முட்டி நின்னுச்சு. அந்தத் தாத்தா கடந்து முடிச்சு ஒரு அஞ்சு விநாடிகூட இருக்காது.

அவர் திட்டவே இல்லை. நாயை இழுத்துக்கிட்டுத் திரும்பி வந்து, ஜன்னலைத் தட்டி, "தம்பி, உனக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

நாலு வருஷமா நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அம்மாகிட்ட, அக்காகிட்ட, ரூம்மேட்கிட்ட, யார்கிட்டயும். காருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவங்ககிட்ட "குழியில இறங்கிடுச்சு"ன்னு சொல்லி வச்சேன். ஜூலையில ஒருநாள் மருமவனே கேட்டான், "மாமா, நீங்க எப்பவாவது இடிச்சிருக்கீங்களா?" "சேச்சே"ன்னு சொன்னேன்.

அந்த எக்ஸெல் முன்னாடி உக்காந்துக்கிட்டு அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னேன். பெருசா திட்டம் போட்டெல்லாம் சொல்லல. வாய் தானா சொல்லிடுச்சு. பேசி வச்சு வாங்கின லைசென்ஸ், காலை எடுத்தது, தாத்தா, நாய், "சேச்சே" வரைக்கும். அத்தான் சாப்பிடுறதை நிறுத்திட்டார். அக்கா கிச்சன்ல இருந்து கரண்டியோட வந்து நின்னா.

மருமவன் ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கேட்டான்: "ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுடா."

"அதனாலதான் பார்க்கிங்ல என்னை மூணு தடவை பிரேக் அடிக்கச் சொன்னீங்களா?"

"ஆமா."

"அத அன்னிக்கே சொல்லிருக்கலாம் மாமா. கணக்கை விட இது பெட்டரா புரிஞ்சிருக்கும்."

அவ்வ்வ்வ். பதினாறு வயசுப் பையன்கிட்ட வாங்கின இந்த அடிக்கு என்கிட்ட பதில் இல்லை.

அக்கா மட்டும் வேற எதையோ நெனச்சுக்கிட்டு நின்னா. "எங்கிட்டக்கூட சொல்லலியேல"ன்னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அத்தானைப் பாத்து, "கையெழுத்து நாந்தான போடணும்? அஞ்சு மணி நேரமும் முடியட்டும், அப்பொறம் போடுதேன்"னுட்டு உள்ள போயிட்டா.

டெஸ்ட் தேதியை டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளி வச்சோம். மருமவனுக்குக் கோபம்தான், இல்லாம இருக்குமா? அவன் வகுப்புல பாதிப் பேர் ஏற்கனவே ஓட்டிக்கிட்டு வர்றாங்க. ரெண்டு நாள் என் மெசேஜுக்குக் கட்டை விரல் மட்டும்தான் பதிலா வந்துச்சு. ஆனா ஜூன் மாச வரிசையில புதுசா எதையும் எழுதல. நான் போய்ப் பாத்தேன்.

அப்புறம் நாங்க மழைக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சோம். ஊர்ல விவசாயம் பாக்கிற எங்க தாத்தாகூட வானத்தை இப்படிப் பாத்திருக்க மாட்டார். தூறல் விழுந்தா அவன்கிட்ட இருந்து மெசேஜ் வரும்: "மாமா, மழை!" ஆபீஸ் முடிஞ்சு அப்படியே ஓடுவேன். ஒருநாள் எனக்கு மீட்டிங் இருந்துச்சு, போக முடியல. அன்னிக்கு அத்தான் கூட்டிட்டுப் போனார். ஒரு மணி நேரம். திரும்பி வரும்போது பையன்தான் ஓட்டிட்டு வந்தான். அத்தான் ஒரு தடவைகூடக் கத்தலையாம். "கைப்பிடியை மட்டும் விடவே இல்லை"ன்னு மருமவன் சொல்லிச் சிரிச்சான்.

நவம்பர் மூணாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் அஞ்சரை மணி, நல்ல இருட்டு, நசநசன்னு தூறல். பாய்ஸ் பார்க் ஓரமா போற ரோடு. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல ஈர இலை. 35 மைல் போகலாம்னு போர்டு. அவன் 28லதான் போனான். பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வந்தான். "வழி விடலாமா?"ன்னு கேட்டான். "அவன் அவசரம் அவனுக்கு, நீ ஓட்டு"ன்னேன்.

ஹெட்லைட் வெளிச்சத்தோட ஓரத்துல ரெண்டு புள்ளி பச்சையா மின்னுச்சு. எனக்கு அது என்னன்னு புரியிறதுக்குள்ள அவன் பிரேக்கை மிதிச்சிட்டான். கடகடகடன்னு சத்தம். கால் எடுக்கல. ஸ்டியரிங் ஆடல. ஒரு பெட்டை மான், துள்ளிக்கூட ஓடாம, நிதானமா ரோட்டைக் கடந்து போச்சு. கார் நின்ன இடத்துக்கும் அதுக்கும் நடுவுல இன்னொரு கார் நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்துச்சு. என் வலது கால் கால்மிதியை உடைச்சிருக்கும்.

நான் "சரி, போ"ன்னேன்.

"இருங்க மாமா. ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும்னு நீங்கதான சொன்னீங்க."

பின்னாடி ஹாரன் அடிச்சுது. அவன் அபாய விளக்கைப் போட்டுட்டு அப்படியே இருந்தான். மூணு விநாடி, நாலு விநாடி. காட்டுக்குள்ள இருந்து ரெண்டாவது மான் வந்துச்சு. அது பின்னாடியே ஒரு குட்டி. ஹாரன் நின்னு போச்சு.

நான் போன்னு சொன்னப்ப அவன் போயிருந்தா? அதை யோசிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வந்தேன். அவனுக்கு அது ஒண்ணும் பெரிய விஷயமாவே தெரியல. வந்து லேப்டாப்பைத் திறந்து எழுதினான்: மழை, ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். ராத்திரிக் கணக்குலயும் சேத்துக்கலாமான்னு கேட்டான். சேத்துக்கடான்னேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சப்ப மோசமான வானிலைக் கணக்கு 5 மணி 20 நிமிஷத்துக்கு வந்துருச்சு. அக்கா மொத்தக் கணக்கையும் ஒருதடவை மேலயிருந்து கீழ வரைக்கும் விரலை வச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா.

டெஸ்ட்ல என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? ஃபெயில்! :-) இங்க டெஸ்ட் ஆரம்பிக்கிறதே பாரலல் பார்க்கிங்லதான். 24 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள கட்டத்துக்குள்ள காரை நுழைக்கணும். மூணு தடவைதான் முன்ன பின்ன எடுக்கலாம். நம்மாளு ஓரத்துல நட்டிருந்த கம்பத்தை லேசா முத்தம் குடுத்துட்டான். ரெண்டே நிமிஷத்துல கதை முடிஞ்சுது. மழை, மான், மூடுபனின்னு பாடம் எடுத்த வாத்தியார், கார் நிறுத்தச் சரியாச் சொல்லிக்குடுக்கலைன்னு அத்தான் ஒரு வாரம் ஓட்டினார். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போய்ப் பாஸ் பண்ணிட்டான். இப்ப அவன்கிட்ட ஜூனியர் லைசென்ஸ் இருக்கு. ராத்திரி 11 மணிக்கு மேல ஓட்டக்கூடாது. அக்காவுக்கு 9 மணிக்கே தூக்கம் போயிடுது, அது வேற விஷயம்.

நேத்து சாயங்காலம் தனியா ஓட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தான். தூறிக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே நின்னேன். தெரு முனையில ஸ்டாப் போர்டுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் லைட் எரிஞ்சுது. முழுசா நின்னான், ரெண்டு பக்கமும் பாத்தான், அப்புறம்தான் திரும்பினான். ரெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு என் வலது கால் அப்பவும் தரையை மிதிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

உங்கள்ல யாராவது வீட்டுப் புள்ளைக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறதா இருந்தா, மழை வந்தா லீவு விடாதீங்க. பக்கத்துல நீங்க இருக்கும்போதே நனையட்டும். நீங்க இடிச்ச கதை ஏதாவது இருந்தா அதையும் மறைக்காம மொத நாளே சொல்லிடுங்க. எனக்கு அது ஆறு மாசம் ஆச்சு.

டிஸ்கி: இந்தப் பதிவை மருமவனுக்குப் படிச்சுக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "பார்க்கிங்ல இடிச்சதை எடுத்துடுங்க மாமா"ன்னான். "அப்ப நான் இடிச்சது?"ன்னேன். "அது இருக்கட்டும்"னான். ரெண்டுமே இருக்கட்டும்னு விட்டுட்டேன். உங்க மொத இடி எங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போடாமக்கூட சொல்லலாம், நாலு வருஷம் மறைச்சவன் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.